மார்கழியில் மாயமும் பேயும்: ஒரு மாத வாசிப்புக்கு நாள்கணக்கு போடுவது எப்படி?

அஸ்தம்பட்டி

மார்கழி பிறக்கப் போகிறது. சேலத்தில் ராத்திரி சீக்கிரமே தெரு அடங்கிவிடும், ஏற்காட்டில் அதற்கு முன்னாலேயே பனி இறங்கிவிடும். பேய்க்கதையும் மாயக்கதையும் படிக்க இதைவிடத் தோதான மாதம் இல்லை. ஆடியில் இந்த மாதிரித் திட்டம் நிற்காது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே தெருவில் இருக்கும், ஒரு வாரம் போனது தெரியாது.

பெரும்பாலான மாத வாசிப்புகள் பத்தாம் நாள் வாக்கில் நின்றுபோகும். பக்கத்தை 30-ஆல் வகுத்து “தினம் 40 பக்கம்” என்று போடுவதுதான் காரணம். நாற்பதாவது பக்கம் ஒரு காட்சியின் நடுவில் வந்து நிற்கும், மறுநாள் புத்தகத்தை எடுக்கும்போது பயமும் இருக்காது, ஆர்வமும் இருக்காது. பக்கத்தை விட்டுவிட்டு, எழுதியவரே வெட்டி வைத்த இடத்தைப் பிடியுங்கள்: காதை (காப்பியத்தின் ஒரு பகுதி), அத்தியாயம், தனிக்கதை. மார்கழிக்கு 29 அல்லது 30 நாள். அதற்குள் எது எப்படி அடங்கும், எங்கே சறுக்கும் என்று படித்தவர்கள், மேலே உங்கள் ஊரைப் போட்டுச் சொல்லுங்கள்.

செவ்வாய்பேட்டை

முதுகெலும்பாக மணிமேகலையை வையுங்கள் என்பேன். சரியாக 30 காதை, நாளுக்கு ஒன்று. பள்ளிப் பாடத்தில் “பௌத்த காப்பியம்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவதால், தமிழின் மிகப் பெரிய மாயக்கதை இதுதான் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. நாயகியைத் தெய்வம் தூக்கத்திலேயே எடுத்துக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. 10-ஆம் காதையில் மூன்று மந்திரம் கிடைக்கிறது: வேற்று உரு எடுக்க, வானில் பறக்க, பசி தாங்க. 11-இல் அமுதசுரபி. 17-இல் முனிவர் சாபத்தால் யானைத்தீ என்னும் அடங்காப் பசியில் வாடும் காயசண்டிகை. 18-இல் மணிமேகலை அவள் உருவத்தையே எடுத்துக்கொள்கிறாள். அந்த ஒரு உருமாற்றத்தின் விலை 20-ஆம் காதையில் ஒரு கொலை. அடுத்த காதையில் தூணில் இருக்கும் பாவை பேசத் தொடங்குகிறது. இன்றைய மாயநாவல் எழுதுகிறவர்கள் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய கட்டுமானம் இது. மந்திரம் இலவசமாக வருவதில்லை, அதற்குக் கணக்கு இருக்கிறது.

பயம் வேண்டுமா, 6-ஆம் காதை, சக்கரவாளக் கோட்டம். சுடுகாட்டை முதலில் சத்தத்தால் கட்டுகிறார் சாத்தனார். நரியின் ஊளை, கூகையின் குரல், தலையைக் கொத்தித் தின்னும் ஆண்டலைப் பறவையின் குரல். பிறகுதான் சார்ங்கலன் என்ற பையன் தனியாக அந்த வழியே வருகிறான். ஒரு பேய்மகள் தலை ஒன்றைக் கையில் ஏந்தி ஆடுவதைப் பார்க்கிறான். பேய் அவனைத் தொடுவதில்லை. ஓடிவந்து அம்மாவிடம் சொல்லிவிட்டு விழுந்து இறக்கிறான். மகனைத் திருப்பிக் கொடு என்று அந்தத் தாய் கோதமை தெய்வத்திடம் வாதாடும் பகுதி பேயைவிடக் கனமானது. இந்தக் காதையை ராத்திரி ஒரே மூச்சில் படியுங்கள், பாதியில் எழுந்திருக்க வேண்டாம்.

நேரக் கணக்கு: மூலமும் உரையும் சேர்த்துப் படித்தால் காதைக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி. முதலில் உரையைப் படித்துக் கதையை வாங்கிக்கொண்டு, பிறகு மூலத்தை வாய்விட்டுப் படித்தால் சொல் தடுக்காது. மாதம் 29 நாள் என்றால் முதல் இரண்டு காதைகளையும் ஒரே நாளில் முடித்துவிடலாம், இரண்டும் சின்னவை.

சறுக்கும் இடம் 27-ஆம் காதை. சமயவாதிகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கொள்கையைச் சொல்வார்கள். 29-இல் அளவையியல், அதாவது தர்க்கம். கதைக்காக வந்தவர்கள் இங்கேதான் புத்தகத்தை மூடுவார்கள். இந்த இரண்டுக்கும் மட்டும் உரைநடைச் சுருக்கம் போதும், மூலத்தைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள்.

மூலம் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல்தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும். உரை தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கிறது.

சூரமங்கலம்

செவ்வாய்பேட்டை அக்கா சொன்ன மணிமேகலை முன்னிரவுக்கு. பின்னிரவுப் பேய்க்கு நான் ஒரு அளவு சொல்கிறேன்: வாரத்துக்கு மூன்று ராத்திரி, அதுவும் அடுத்தடுத்து வேண்டாம். தொடர்ந்து ஐந்து பேய்க்கதை படித்தால் ஆறாவதில் கதவு கிரீச்சிட்டதும் அடுத்தது என்ன என்று மனசு முன்னாலேயே சொல்லிவிடும். கதை மோசம் என்று நினைப்போம், உண்மையில் காது மரத்துப்போயிருக்கும். நடுவில் ஒரு நாள் மாயக்கதை, ஒரு நாள் ஒன்றுமே இல்லாத நாள்.

வரிசையும் முக்கியம். தொடங்க வேண்டியது புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. 1943-இல் வந்தது, ஒரு மணி நேரத்துக்குள் முடியும். அதில் கண்ணால் பார்ப்பதைவிட மூக்கு அதிகம் வேலை செய்கிறது. ராத்திரி அறைக்குள் மாறி மாறி வரும் வாடையை வைத்தே பயத்தை ஏற்றியிருப்பார். சொல்கிறவன் கதை எழுதுகிறவன் என்பதால் அவனை எவ்வளவு நம்புவது என்பதும் கடைசிவரை பிடிபடாது. படித்த அன்றே இன்னொரு முறை படியுங்கள். முதல் பக்கத்தில் சாதாரணமாகக் கடந்துபோன வரிகள் இரண்டாம் முறை வேறு மாதிரி நிற்கும். அடுத்த பேய் ராத்திரிக்கு அவருடைய ‘பிரம்ம ராக்ஷஸ்’. தொகுப்பின் முன்னுரையை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னுரை எழுதுகிறவர்கள் முடிவைப் போட்டு உடைத்துவிடுவார்கள்.

இரண்டாம் வாரம் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. குமுதத்தில் தொடராக வந்தது, அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும். தொடரின் வேகத்தை மதித்து ராத்திரிக்கு மூன்று அத்தியாயத்தோடு நிறுத்துங்கள். பேயா அறிவியலா என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் இரண்டு பக்கமாக நிற்பதுதான் அதன் உயிர். ஒரே உட்காரலில் முடித்தால் அந்த இழுபறி காணாமல் போய்விடும்.

மூன்றாம் வாரம் இந்திரா சௌந்தர்ராஜன். நம்ம சேலத்தில் பிறந்தவர். ‘விட்டு விடு கருப்பா’தான் ‘விடாது கருப்பு’ என்று தொலைக்காட்சித் தொடராக வந்தது. தொடரைப் பார்த்தவர்கள் தயங்க வேண்டியதில்லை. காவல் தெய்வத்தின் மேல் ஒரு கிராமம் வைக்கும் பயம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிக்கும்போதுதான் நின்று கவனிக்க முடிகிறது.

நாகலூர், ஏற்காடு

மலையில் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். மார்கழி ஈரம் காகிதத்தைத் தின்றுவிடும். புத்தகத்தைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, பூச்சிக்கு ஒரு துண்டு வசம்பு போட்டு வைத்தால் போதும். நனைந்துவிட்டால் நேர் வெயிலில் காயவைக்க வேண்டாம், அட்டை வளைந்து பசை விட்டுவிடும். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, நிழலில் நிறுத்தி வைத்து, தாள் ஈரமானதும் மாற்றுங்கள். செய்தித்தாள் செருகினால் மை ஒட்டும்.

சேலத்திலிருந்து பஸ்ஸில் மேலே வரும்போது படிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு, எழுத்தைப் பார்த்தாலே குமட்டும். அந்த நேரத்துக்கு ஒலிப்புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயநகர், ஏற்காடு சாலை

உலக இலக்கியமும் கேட்பவர்களுக்கு: ‘டிராகுலா’ 1897-இல் வந்தது, 27 அத்தியாயம். மாதத்துக்குச் சரியாகப் பொருந்தும், இரண்டு மூன்று நாள் மிச்சமும் இருக்கும். முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தியால் ஆனது. முதல் நான்கு அத்தியாயம் கோட்டைக்குப் போகும் பயணமும் கோட்டைக்குள் நடப்பதும், யாரும் கீழே வைக்க மாட்டார்கள். ஐந்தும் ஆறும் தோழிகளின் கடிதமும் கடற்கரை ஊரின் நாட்குறிப்பும். வேகம் சட்டென்று இறங்கும், நிறையப் பேர் இங்கே விட்டுவிடுவார்கள். அந்த இரண்டையும் ஒரே நாளில் படித்து ஏழுக்குப் போய்விடுங்கள். ஆளில்லாத கப்பல் கரை ஒதுங்குவதும், மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனதைச் சொல்லும் கப்பல் குறிப்பேடும் அதில்தான் வருகின்றன. நாவலின் மிகச் சிறந்த பகுதிகளில் அது ஒன்று. 16-ஐ வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு வைக்காதீர்கள் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் கேளுங்கள், அவ்வளவு கடுமையான கல்லறைக் காட்சி.

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எடுப்பவர்கள் பதிப்பைப் பாருங்கள். 1818 பதிப்பு மூன்று பாகம், ஒவ்வொரு பாகத்திலும் அத்தியாய எண் ஒன்றிலிருந்து தொடங்கும். 1831-இல் ஆசிரியர் திருத்திய பதிப்பில் 4 கடிதமும் 24 அத்தியாயமும், மொத்தம் 28. குழுவாகப் படிக்கும்போது ஒருவர் கையில் ஒன்று, இன்னொருவர் கையில் மற்றொன்று இருந்தால் “பத்தாம் அத்தியாயம்” என்பதே குழப்பமாகிவிடும். 1831 வரிசையில் 11 முதல் 16 வரை அந்த உயிரே தன் கதையைச் சொல்கிறது. அந்த ஆறையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்த நாளில் படிக்க வேண்டும்.

ஆத்தூர்

வீட்டில் எட்டு வயசுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் வேதாளக் கதைகளைச் சேருங்கள். மொத்தம் 25, தினம் பத்து நிமிடம். கதையை முடித்து, வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். பிள்ளைகள் பதில் சொல்லட்டும், சண்டை போடட்டும், அதற்குப் பிறகு அரசனின் பதிலைப் படியுங்கள். தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் வேதாளம் மரத்துக்கே போய்விடும் என்ற நிபந்தனைதான் பிள்ளைகளைப் பிடித்து வைக்கும். சில கதைகளில் தலை வெட்டுவதும் ஆண்-பெண் விஷயமும் உண்டு, முதல் நாளே நீங்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

பன்னிரண்டு வயசு தாண்டியவர்களுக்கு ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. ‘விஷ்ணுபுரம்’ இந்த மாதத்துக்குள் வேண்டாம். 800 பக்கத்தைத் தாண்டும், மூன்று பாகம். அதற்குத் தனியாக ஒரு மாதம் கொடுப்பதுதான் மரியாதை.

கொண்டலாம்பட்டி

கலிங்கத்துப்பரணியை யாரும் சொல்லவில்லையே! ஏறத்தாழ 600 தாழிசை, பெரும்பாலும் இரண்டிரண்டு அடி. முழுதும் எடுக்க வேண்டாம். கடைசி வாரத்தில் ஐந்து நாள் ஒதுக்குங்கள்: காடு பாடியது, கோயில் பாடியது, பேய்களைப் பாடியது, போர் பாடியது, களம் பாடியது.

களம் பாடியதைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சப் போகின்றன. அதற்கு முன் பல் விளக்க வேண்டுமே, யானைத் தந்தம்தான் பல்குச்சி. நாக்கு வழிக்க யானையின் விலா எலும்பு. குளிக்க ரத்த ஆறு. பிறகு சமையல்: செத்தவர்களின் பல்தான் அரிசி, முரசு உரல், தந்தம் உலக்கை. பரிமாறும்போதும் ஆளறிந்து பரிமாறுகிறார்கள். உயிர்க்கொலை செய்யாத சமணப் பேய்க்கு மயிர் கிடக்கிறதா என்று பார்த்து வடிகட்டி ஊற்ற வேண்டும். பார்ப்பனப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று பந்தி நீள்கிறது. நம் வீட்டுக் காலை எப்படித் தொடங்குமோ அதே வரிசையில் ஒரு பிணக்களத்தை நடத்திக் காட்டுகிறார் ஜெயங்கொண்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது இது. அருவருப்பும் சிரிப்பும் ஒன்றாக வரும் இந்த இடத்துக்கு ஈடாக வேறெதுவும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

வாய்விட்டுப் படிக்க வேண்டும். சந்தம்தான் பாதிப் பயம். போர் பாடியதில் வேகம் கூடும்போது மூச்சு வாங்கும், இரண்டு பேர் மாற்றி மாற்றிப் படியுங்கள். சாப்பாட்டு நேரத்தை ஒட்டி மட்டும் வேண்டாம்.

இதோடு காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். தாமே பேயுரு கேட்டு வாங்கியவர் பாடிய சுடுகாடு அது. ஜெயங்கொண்டாருக்குப் பக்கத்தில் வைத்தால், இங்கே அந்தக் காடு இறைவன் ஆடும் அரங்கமாக மாறுவது தெரியும்.

அஸ்தம்பட்டி

அருமைங்க. நம் ஊர்க் கதை ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்கலாமா?

சித்தர்கோவில் பக்கம்

தாராளமாக வைக்கலாம் தம்பி. கஞ்சமலையில் சொல்லப்படும் கதை இருக்கிறது. சோறு கிண்டக் கிடைத்த குச்சியை எடுத்துக் கிண்ட, சோறு கருத்துப்போகிறது. பயந்துபோய் அதைத் தானே தின்ற வயதான சீடர் இளைஞராகிவிடுகிறார். காலாங்கி சித்தரையும் திருமூலரையும் சேர்த்துச் சொல்வார்கள், ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, மாறுகிற இடங்களைக் குறித்து வையுங்கள். ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் குகைக்கும் காவிரிக்கும் தொடர்பு உண்டு என்ற நம்பிக்கையும் அப்படித்தான். ஆனால் அது மலையாளி என்ற மலைப் பழங்குடி மக்கள் கும்பிடும் தெய்வம். அங்கே போய்ப் பேய்க்கதை கேட்கிற மாதிரிக் கேட்காதீர்கள், குகைக்குள் டார்ச் அடித்துப் படம் எடுக்காதீர்கள். கும்பிட்டுவிட்டு வெளியே உட்கார்ந்து பெரியவர்கள் சொன்னால் கேளுங்கள்.

சூரமங்கலம்

நூலகப் புத்தகத்தை நம்பித் திட்டம் போடுபவர்கள் கார்த்திகைக் கடைசியிலேயே மாவட்ட மைய நூலகத்தில் தேடி வையுங்கள். நாவல்களைத் திருப்பிக் கொடுக்கும் தேதிக்குள் முடிகிற மாதிரி மாதத்தின் முதல் பாதியில் போடுங்கள். இணையத்தில் கிடைக்கிற மணிமேகலையும் பரணியும் எப்போது வேண்டுமானாலும் கைக்கு வரும். மாதத்தில் நான்கு நாளை வெறுமனே விடுங்கள்: வைகுண்ட ஏகாதசி, ஆருத்ரா தரிசனம், போகிக்கு வீடு ஒதுக்கும் நாள், இன்னொன்று உடம்புக்கு முடியாமல் போனால். அந்த நாளின் காதையை மறுநாள் காலையில் சேர்த்துப் படித்தால் வரிசை கெடாது.