வெள்ளை சேஜா, வெண்கடுகா, எதுவுமே வேண்டாமா?

உப்புக்காத்து (மண்டபம்): புது வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு. வீட்டுக்காரர் போட்டுக்குப் போனா மீன்பாடு இல்ல, வீட்டுக்குள்ள ஓயாத சண்டை. ஆன்லைன்ல 'வெள்ளை சேஜ்'னு காய்ஞ்ச இலைக்கட்டு விக்கிறாங்க. கொளுத்தி மூலைமூலையா காட்டினா கெட்ட எனர்ஜி போயிருமாம். மாமியார் வெண்கடுகே போதும்ங்கிறாங்க. எதைப் போட?

பனங்காட்டான்: மாமியார் பேச்சைக் கேளுங்கக்கா. அந்த சேஜ் தெற்கு கலிபோர்னியாவுலயும் அதை ஒட்டின மெக்சிகோ பக்கமும் வளர்ற செடி. அங்கத்துப் பூர்வகுடிகளுக்கு அது சடங்குச் செடி. இப்ப ஊருக்கெல்லாம் விக்க, காட்டுல திருட்டுத்தனமா வெட்டுறாங்க. நமக்கெதுக்கு? செவ்வாய், வெள்ளி சாயங்காலம் சிரட்டைக் கரியில வெண்கடுகு, குங்கிலியம், மருதாணி விதை போடுங்க. கண்ணேறு எல்லாம் ஓடிரும்.

ஊசிக்காரி: மீன்பாடு இல்லாததுக்குக் காரணம் கடல்ல இருக்கு, வீட்டு மூலையில இல்ல. நான் நர்ஸ். மூலிகைப் புகையும் புகைதான்: நுண்துகள், கரியிலேர்ந்து கார்பன் மோனாக்சைடு. கதவைச் சாத்திட்டு மூட்டம் போட்டா நெஞ்சுக்குள்ளதான் போகும்.

பனங்காட்டான்: 2007-ல லக்னோ விஞ்ஞானிகளே மூலிகைப் புகை போட்டு, ஒரு மணி நேரத்துல காத்துல இருந்த பாக்டீரியா 94 சதவீதத்துக்கு மேல குறைஞ்சதுன்னு எழுதியிருக்காங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?

ஊசிக்காரி: அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு எனக்கும் வந்துச்சு. அவங்க எரிச்சது ஹோமத்துக்குப் போடுற மூலிகைக் கலவை, மூடின அறையில. எண்ணினது ஆய்வுத் தட்டுல வளர்ந்த பாக்டீரியாவை. எனர்ஜியை எண்ண யாரும் தட்டு வைக்கல. பாக்டீரியாவைக் கொல்ற புகை பச்சப்புள்ள நுரையீரலுக்கு மட்டும் பன்னீர் தெளிக்குமா?

கீழக்கரை காக்கா: வெள்ளிக்கிழமை மஃரிப் (அந்தித் தொழுகை) நேரம் எங்க வீட்டுலயும் தூபக்கால் புகையும். வாசனைக்குத்தான். பனங்காட்டான் தம்பி, சேஜை வெளிநாட்டுச் சரக்குங்கிறீங்க. நாம 'பாரம்பரியம்'னு போடுற சாம்பிராணியே சுமத்ரா பக்கத்துலேர்ந்து கப்பல்ல வந்த பிசின்தான். எனக்கு உறுத்துறது வேற. தூக்கமில்லாம தனக்குத்தானே பேசுற ஆளுக்கும் புகை போட்டே மாசக்கணக்கா கடத்துறாங்க. 2001 ஆகஸ்ட்ல நம்ம ஏர்வாடியில மனநோயாளிகளை வச்சிருந்த தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடிச்சு, சங்கிலியில கெடந்த 28 பேர் போனாங்க. தூபத்தால வந்த தீ இல்ல அது. ஆனா டாக்டர்கிட்ட இருக்க வேண்டியவங்க அங்க கெடந்தாங்க.

பனங்காட்டான்: காக்கா, ஏர்வாடியை இதுக்குள்ள இழுக்காதீங்க. வெள்ளிக்கிழமை ஒரு கை கடுகு போடுறவன் யாரையும் சங்கிலியில கட்டல. வீட்டைக் கூட்டி, விளக்கேத்தி, எல்லாரும் அஞ்சு நிமிசம் ஒண்ணா நிக்கிறாங்க. சண்டை கொஞ்சம் அடங்குது. அதை எனர்ஜின்னு சொன்னா உங்களுக்கு என்ன நட்டம்?

ஊசிக்காரி: கூட்டுறதுக்கும் ஒண்ணா நிக்கிறதுக்கும் புகை எதுக்கு? அக்கா, வீட்டுல கைக்குழந்தை இருக்கா?

உப்புக்காத்து: எட்டு மாசம். வீசிங்னு போன மாசம்தான் நெபுலைசர் வச்சோம். சேஜ் ஆர்டரை கேன்சல் பண்ணிட்டேன். வெண்கடுகையும் வாசல்ல போடுங்க அத்தைன்னேன், மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காங்க.

பனங்காட்டான்: பின்ன? வாசல்ல போட்டா உள்ள இருக்கிறது எப்படிக்கா வெளிய போகும்?

ஊசிக்காரி: ஜன்னலைத் திறந்தா போயிரும்.