சேலத்துக்கு எத்தனை டன்? ஏற்காட்டுக்கு ஹாட் அண்ட் கோல்டு ஏசி தேவையா?

அஸ்தம்பட்டி வாசி:
மொட்டை மாடிக்கு நேர் கீழே 12க்கு 10 அடி அறை. கடைக்காரர் டன், ஐசீர், இன்வெர்ட்டர் என்று அடுக்குகிறார், ஒன்றும் பிடிபடவில்லை. ஏற்காட்டு வீட்டுக்கு ஹாட் அண்ட் கோல்டு போடச் சொல்கிறார். சாதா ஏசியிலேயே 30 டிகிரி வைத்தால் சூடு வராதா?

குளிர்பெட்டி:
டன் என்பது பெட்டியின் எடை இல்லை சார். அறையிலிருந்து வெப்பத்தை வெளியே தள்ளும் வேகம். 1 டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது சுமார் 3,500 வாட். இது வெப்பக் கணக்கு. கரண்ட் 1,000 வாட் சுமாருக்குத்தான் இழுக்கும்.

120 சதுர அடிக்கு வழக்கமாக 1 டன் போதும். ஆனால் சித்திரை வெயிலில் காய்ந்த கான்கிரீட் நடுராத்திரி வரை சூட்டைக் கீழே இறக்கும். 1.5 டன் எடுங்கள். ஏசியில் ஒட்டியிருக்கும் ஸ்டார் ஸ்டிக்கரில் வாட் கணக்கையும் பாருங்கள், 1.5 டன் என்று சொல்லி 4,800 வாட் மட்டும் தரும் மாடலும் உண்டு.

ஐசீர்: சீசன் முழுக்க வெளியேற்றிய வெப்பத்தை, செலவான மின்சாரத்தால் வகுத்த எண். கூடினால் நல்லது. ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கரண்ட் யூனிட் வருஷத்துக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கு. நாளுக்கு 8 மணி, 4 மாதம் என்றால் அதில் 60 சதவீதம்தான் ஆகும்.

இன்வெர்ட்டர் ஏசி கரண்ட் போனால் ஓடாது! கம்ப்ரஸர் நின்று நின்று ஓடாமல் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், அவ்வளவுதான்.

மலைப்பாதை:
சாதா ஏசியில் 30 வைத்தால் ஃபேன் மட்டும்தான் சுற்றும். ஹாட் அண்ட் கோல்டில் ஒரு ரிவர்சிங் வால்வு, குழாயில் ஓடும் குளிரூட்டும் கேஸைத் திருப்பி விடுவதால் உள்ளே இருக்கும் குழாய்ச் சுருள் (காயில்) சூடாகும். 1 யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம். பனியில் வெளி யூனிட்டில் தண்ணீர் சொட்டும், சில நிமிடம் உள் ஃபேன் நிற்கும். வெளி யூனிட்டின் காயிலில் படிந்த பனியை உருக்குகிறது, ரிப்பேர் இல்லை.

மார்கழி, தையில் பத்துப் பதினைந்து நாள்தான் என்றால் 2,000 வாட் ஆயில் ஹீட்டரே போதும். 9 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் உருகிவிடும். மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் கூடவே கூடாது.

அஸ்தம்பட்டி வாசி:
நன்றி. வருஷா வருஷம் கேஸ் நிரப்ப வேண்டுமாமே?

குளிர்பெட்டி:
கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போவதில்லை. குறைந்தால் எங்கோ லீக்; பெரும்பாலும் குழாய் முனையின் ஃப்ளேர் நட்டில். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்து, அடைத்து, அரை மணி வாக்யூம் போட்டு (குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி) எடுத்தபிறகு, வெளி யூனிட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்குத் தராசில் நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள். தராசு கொண்டுவராதவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.