படிப்பின் நடுவில் ஊர் மாற்றம்: இப்போதே கூட்டிப்போவதா, மே வரை பொறுப்பதா?

பொருநைக்கரை:
கணவருக்குத் தாம்பரத்துக்கு மாற்றல். அக்டோபரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் இங்கே பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் பள்ளியில் நான்காம் வகுப்பு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அதே பள்ளி. இந்த நவம்பரிலேயே கிளம்பலாமா, ஆண்டுத் தேர்வு முடியும்வரை இருக்கலாமா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ரயிலடி:
கிளம்புங்கள் சகோதரி. எங்கள் அப்பா ரயில்வேயில் இருந்தார். விழுப்புரம், ஈரோடு, அரக்கோணம், போத்தனூர் என்று நாலு பள்ளி மாறினேன். ஒரு வாரம் அழுவேன், அப்புறம் சரியாகிவிடும். அப்பா இல்லாமல் ஆறு மாதம் இருப்பதுதான் பிள்ளைக்குக் கஷ்டம்.

தேரடித்தெரு:
ரயிலடி அண்ணா, நீங்கள் வளர்ந்தது ரயில்வே குடியிருப்பில். அங்கே எல்லாருமே எங்கிருந்தோ வந்த பிள்ளைகள். புதுசாக ஒருவன் வந்தால் மறுநாளே ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். நவம்பரில் ஒரு வகுப்புக்குள் நுழையும் பிள்ளைக்கு அப்படியில்லை. யாருக்கு யார் கூட்டு என்பது ஜூனிலேயே முடிவாகியிருக்கும். நான் ஏழாம் வகுப்பின் நடுவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்கு வந்தேன். முதல் நாள், "டீச்சர், நாளைக்கும் நீங்கதான் வருவியளா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு பல வாரம் வாயே திறக்கவில்லை. வீட்டில் நான் பழகிவிட்டதாக நினைத்தார்கள். மே வரை பொறுங்கள் அக்கா.

ரயிலடி:
படிக்கவே வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஜூனில் போயிருந்தாலும் அதே பேச்சுக்கு அதே சிரிப்பு வந்திருக்குமே? அந்த டீச்சர் அல்லவா அதை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்?

தேரடித்தெரு:
ஜூனில் என்றால் என்னோடு இன்னும் நாலு பேராவது புதுசாக இருந்திருப்பார்கள்.

சாக்பீஸ்:
பதினெட்டு வருடமாக அரசுப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். என்னைக் கேட்டால் நவம்பரும் வேண்டாம், மே மாதமும் வேண்டாம். மாநிலப் பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்புக்கு மூன்று பருவம். டிசம்பரில் இரண்டாம் பருவம் முடிந்துவிடும். ஜனவரியில் எல்லாப் பிள்ளைகள் கையிலும் புதுப் புத்தகம் இருக்கும். பாளையிலும் தாம்பரத்திலும் ஒரே புத்தகம்தான். டி.சி. வரத் தாமதமானாலும் பயப்படாதீர்கள். எட்டாம் வகுப்புவரை, அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது; 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இருக்கிறது. சி.பி.எஸ்.இ.க்கு மாற்றுவதாக இருந்தால் பாடமே வேறு, அப்போது மே வரை காத்திருப்பதுதான் நல்லது.

இன்னொன்று. விடுமுறை முடிந்து ஒரு பிள்ளை திரும்பி வராவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை என்னிடம்தான் வந்து கேட்கும். எனக்கே தெரிந்திருக்காது. தயவுசெய்து வகுப்பில் சொல்லிக்கொண்டு கிளம்ப விடுங்கள்.

தேரடித்தெரு:
ஜனவரி என்றால் பாதி ஒத்துக்கொள்கிறேன். பயம் முழுசாகப் போகவில்லை. போனால், முதல் ஒரு மாதம் அவள் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் இருங்கள் அக்கா. "ஸ்கூல் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் சொல்வாள். மத்தியானம் யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். நான் மூன்று மாதம் மாடிப்படியில் தனியாகச் சாப்பிட்டேன். வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை.

ரயிலடி:
இதை நான் யோசித்ததே இல்லை அம்மா. என் தங்கையும் என்னோடுதான் நாலு ஊர் மாறினாள். அவளிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பொருநைக்கரை:
ஜனவரி என்று முடிவு செய்துவிட்டோம். நேற்று ராத்திரி மகளிடம் சொன்னேன். அழவில்லை. "ரிஜிஸ்டர்ல என் பேரை அடிச்சிருவாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்று காலையில் பார்த்தால், பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுப்பில் இருக்கும் முப்பத்திரண்டு பேரையும் வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே எழுதி வைத்திருக்கிறாள். பத்தொன்பதாவதாக அவள் பெயர்.