சாயங்காலம் ஆனாலே "வீட்டுக்குப் போகணும்" என்கிறார் அம்மா. என்ன செய்வது?

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 78 வயது. அல்சைமர் என்கிற மறதி நோய் என்று கண்டுபிடித்து 3 வருடம் ஆகிறது, அதற்கு டோனெபெசில் மாத்திரை சாப்பிடுகிறார். பகலில் பரவாயில்லை. பொழுது சாயத் தொடங்கியதும் புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். "எங்கம்மா தேடுவா, வீட்டுக்குப் போகணும்." இருப்பது அவர் வீட்டில்தான்.

ஒருநாள் அலுப்பில், "பாட்டி செத்து எத்தனை வருஷமாச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் செய்தி வந்த மாதிரி கதறி அழுதார். மறுநாள் அதுவும் மறந்துவிட்டது, எனக்குத்தான் மறக்கவில்லை. இப்போதெல்லாம் "பாட்டி என்ன சமைப்பாங்க?" என்று பேச்சுக் கொடுக்கிறேன். சில நாள் அடங்குகிறார், சில நாள் என்னையே யாரென்று கேட்டுத் தள்ளிவிடுகிறார்.

போன மாதம் திடீரென்று குழப்பம் அதிகமானபோது டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொன்னார். தொற்று இருந்தது, மருந்து கொடுத்ததும் தெளிந்தார். இந்த முறை சோதித்ததில் ஒன்றும் இல்லை. அந்தி நேரக் குழப்பம் இந்த நோயில் வருவதுதான் என்கிறார் டாக்டர். சாயங்காலமே விளக்கெல்லாம் போட்டு, டிவியை அணைத்துப் பார்த்தோம். கொஞ்சம் குறைந்தது.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: கதவைப் பூட்டினால் ஆவேசப்படுகிறார், பூட்டாவிட்டால் ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? குளிக்க மறுப்பவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? வாரத்தில் ஒருநாள் பார்த்துக்கொள்ளச் சொன்னால் "போனில் நல்லாத்தானே பேசறாங்க" என்கிற அண்ணனுக்குப் புரியவைக்கவும் வழி இருந்தால் சொல்லுங்கள்.