கல்யாண நகைக்கு 62,400 வெள்ளி (ரிங்கிட்) ரொக்கம்: பில்லை மூன்றாகப் பிரிக்கலாமா?

சிப்புட்_நகை
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்ன நகைக்கடை. தாலிக்கொடி, அட்டிகை, நாலு வளையல் சேர்த்து பில் 62,400 வெள்ளி. வாங்குபவர் தோட்டத்தில் ஓய்வு பெற்றவர், மொத்தமும் ரொக்கம். "ஐசி (அடையாள அட்டை) எதுக்குங்க? என் பேர்ல ஒன்னு, வீட்டுக்காரி பேர்ல ஒன்னு, மகன் பேர்ல ஒன்னு போட்டுடுங்க" என்கிறார். 25,000 தாண்டினால்தான் விவரம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்குப் போகும் என்றும் ஒரு பேச்சு. எது சரி?

கணக்கர்_ஈப்போ
பிரிக்காதீங்க அண்ணே. அந்த 25,000 வங்கிக்கு உள்ள வரம்பு. ஒரே நாளில் அவ்வளவோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால் வங்கி பேங்க் நெகாராவுக்கு அறிக்கை அனுப்பும். முன்பு 50,000 ஆக இருந்தது, 2019இல் குறைத்தார்கள். அது வெறும் பதிவு, உங்கள் மேல் புகார் இல்லை. அதற்குப் பயந்து தினம் 24,000 என்று நறுக்கிக் கட்டினால்தான் வங்கிக்காரன் கண்ணில் படுவீர்கள்.

நகைக்கடை வாங்குபவரின் விவரம் எடுக்க வேண்டிய வரம்பு 50,000 வெள்ளி ரொக்கம். ஒரே நாளில் தொடர்புள்ள பல பில்கள், மற்ற கிளைகளில் போட்டது உட்பட, ஒன்றாகக் கூட்டப்படும். ஆகவே மூன்று பேர் பெயரில் போட்டாலும் 62,400தான். பழைய நகை மாற்று இருந்தால் கையில் வாங்கும் ரொக்கத்தை மட்டும் பாருங்கள்.

எடுக்க வேண்டியவை: அசல் ஐசியைப் பார்த்து முழுப்பெயர், எண், பிறந்த தேதி, குடியுரிமை, வீட்டு முகவரி, தொலைபேசி, தொழில், முதலாளி பெயர், வாங்கும் காரணம். வேறு யாருக்காகவாவது வாங்குகிறாரா என்றும் கேட்க வேண்டும். பெயரை ஐ.நா. தடைப் பட்டியலிலும் உள்துறை அமைச்சின் பட்டியலிலும் தட்டிப் பார்த்து, அன்றைய தேதியோடு அச்செடுத்து பில்லோடு குத்தி வையுங்கள். எல்லாம் 6 வருடம் இருக்க வேண்டும். ஐசி நகல் மட்டும் இருந்து தொழில் கட்டம் காலியாகக் கிடக்கிற கோப்புதான் கடைகளில் அதிகம்.

மங்கை_கம்ப்ளயன்ஸ்
மேலே சொன்னது சரி. ஒன்று விட்டுப்போனது: இன்று 30,000, நாளை 32,400 என்று வந்தால் ஒரே நாள் கணக்கில் சேராது. ஆனால் சந்தேகம் வந்தால் தொகை எவ்வளவாக இருந்தாலும் அதே விவரங்களை எடுக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வந்தது என்று சாதாரணமாகக் கேளுங்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எடுத்த கடிதமோ வங்கியில் எடுத்த சீட்டோ காட்டினால் அதன் நகலையும் சேர்த்து விடுங்கள், விஷயம் முடிந்தது. "கூட்டு (சீட்டுப் பணம்) எடுத்தது" என்பார்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை (நம்ம சொல்லே அந்தச் சட்டத்தின் பெயரில் இருக்கிறது!). பதிலை அப்படியே எழுதி வையுங்கள், நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஐசி தர மறுத்தால் விற்காதீர்கள். நடக்காமல் போன வியாபாரத்துக்கும் நெகாராவுக்குச் சந்தேக அறிக்கை அனுப்பலாம், அதற்குக் குறைந்தபட்சத் தொகை கிடையாது. சந்தேகம் உறுதியான மறு வேலை நாளுக்குள் போக வேண்டும். அனுப்பியதை வாடிக்கையாளரிடம் வாய் தவறியும் சொல்லக்கூடாது. அம்லா (சட்டவிரோதப் பண மாற்றத் தடுப்பு) சட்டம் 14ஏ பிரிவில் 30 லட்சம் வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விவரம் கேட்டாலே ஆள் உஷாராகிவிடுவார் என்று தோன்றினால் கேள்வியை நிறுத்திவிட்டு நேராக அறிக்கை போடலாம், விதியிலேயே அதற்கு இடமுண்டு.

சிப்புட்_நகை
நன்றி அக்கா. இந்த 50,000 எங்கிருந்து வந்த கணக்கு? ரொக்கம் வேண்டாம், டூயிட்நவ்ல (உடனடி வங்கிப் பரிமாற்றம்) அனுப்புங்கன்னு சொல்லிட்டா தொல்லை விட்டதா?

கணக்கர்_ஈப்போ
எஃப்ஏடிஎஃப் (கருப்புப் பணத் தடுப்புக்கான உலக அமைப்பு) விதியில் தங்க வியாபாரிக்கு 15,000 டாலர் அல்லது யூரோ ரொக்கம் என்று இருக்கிறது, அதை ஒட்டியதுதான் நம்ம 50,000. மலேசியா 2016 முதல் அதில் உறுப்பினர். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒருபடி மேலே போய், வியாபாரத்தில் 10,000 யூரோவுக்கு மேல் ரொக்கமே வாங்கக்கூடாது என்று 2027 ஜூலையிலிருந்து தடுக்கிறது.

மங்கை_கம்ப்ளயன்ஸ்
டூயிட்நவ்வில் தொல்லை வேறு மாதிரி. ஸ்கேம் (ஏமாற்றிப் பறித்த) பணத்தைச் சீக்கிரம் கைமாற்ற தங்கம்தான் வசதி. கடையில் நிற்பவர் ஒருவர், அனுப்பும் கணக்கு யாரோ ஒரு பெண் பெயரில் என்றால் அது மோசடிக்காரர்கள் பணம் கடத்தப் பயன்படுத்தும் வாடகைக் கணக்காக இருக்கலாம். போலீஸ் பணத்தின் தடத்தைப் பிடித்து வரும்போது உங்கள் கணக்கும் முடங்கும். அம்லா 44ஆம் பிரிவில் முடக்கம் 90 நாள் வரை நிற்கும், அதுவரை மொத்த வியாபாரியிடம் தங்கம் எடுக்கப் பணம் இருக்காது.

அதனால் அனுப்புபவர் பெயரும் ஐசிப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டுங்கள். அதில் இல்லை என்பதால் மட்டும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம், புகார் வந்த கணக்குதான் அதில் இருக்கும். வாடிக்கையாளர் போனில் காட்டும் ரசீதுப் படம் போதாது. உங்கள் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகு பெட்டியைக் கொடுங்கள்.