இடக்கையால் எழுதும்போது மை இழுபடுகிறது: எந்தப் பேனா, எந்த நோட்டு?

கேள்வி (ராயபுரம்):
போட்டித் தேர்வுக்காக நாள்தோறும் மூன்று மணி நேரம் தமிழில் விடை எழுதிப் பழகுகிறேன். எனக்கு இடக்கைப் பழக்கம். 0.7 மி.மீ. முனை ஜெல் பேனாவில் எழுதினால் கையின் ஓரம் ஈர மையை இழுத்துவிடுகிறது. 'ஞ', 'ணு' ஆகியவற்றின் சுழிகளும் அடைபடுகின்றன. பால் பேனாவிலோ அழுத்தி எழுதிக் கட்டைவிரல் வலிக்கிறது. நோட்டில் பின்பக்க எழுத்தும் தெரிகிறது. எதை மாற்றுவது?

பதில் (தண்டையார்பேட்டை):
முதலில் பேனாவை மாற்றுங்கள். தேர்வறையில் தாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. ஜெல் மை நீர் கலந்தது, அது தாளில் ஊறியும் காற்றில் உலர்ந்தும் காய வேண்டும் என்பதால், நம் கடலோர ஈரக் காற்றில் தாமதமாகிறது. பால் பேனாவின் எண்ணெய் மை சட்டென்று காய்ந்தாலும் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் கேட்கும். எண்ணெய் மையையே இளக்கமாகச் செய்த பால் பேனாக்கள் இப்போது கிடைக்கின்றன, அவற்றில் 0.5 அல்லது 0.6 முனையை வாங்கி, பழைய மலிவு நோட்டிலேயே எழுதிப் பாருங்கள்.

பதில் (பெரம்பூர்):
மைப்பேனா எழுதினால் கை வலிக்காது என்பது என் அனுபவம்.

பதில் (தண்டையார்பேட்டை):
வலக்கைக்காரருக்குச் சரி, ஐயா. இவருக்கு இழுபடுதல் இன்னும் கூடும்.
நோட்டைப் பொறுத்தவரை, பின்பக்கம் தெரியாதிருக்க 70 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) குறையாத தாள் வேண்டும். வழவழப்பானது வேண்டாம், அதில் மை ஊறாது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் உதிரித் தாள் வாங்கித் தைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் சொல்லும் ஜிஎஸ்எம்மைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு: ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர் ஆகும், எனவே 16 தாளின் கிராம் எடையே ஜிஎஸ்எம். இடப்புறம் ஸ்பைரல் போட்ட நோட்டு மட்டும் வேண்டாம், கம்பி கையில் இடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
ஒரு வாரம் 0.6 இளக்க மைப் பால் பேனாவில் எழுதினேன். வலி பெரிதும் குறைந்தது, சுழிகளும் தெளிவாக விழுகின்றன. பக்கத்தின் கடைசி வரிகளில் மட்டும் இன்னும் கறை படுகிறது.

பதில் (தண்டையார்பேட்டை):
நோட்டின் மேல் இடது மூலை உயரும்படி வலப்புறம் சாய்த்து, கை வரிக்குக் கீழே இருக்குமாறு எழுதுங்கள். கடைசி வரிகளில் கை ஊன்ற மேசை வேண்டுமல்லவா, நோட்டைச் சற்று மேலே தள்ளிக்கொள்ளுங்கள்.