நுண்முகபாவம் பார்த்து மறைத்த உணர்ச்சியைப் பிடிக்கலாமா?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
பாடசாலை உளவளத்துணை ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி தயாரிக்கிறோம். "ஒண்டுமில்ல மிஸ்" என்று பிள்ளை சிரித்துக்கொண்டு சொன்னாலும், முகத்தில் கணநேரம் தோன்றி மறையும் பாவம் (நுண்முகபாவம்) காட்டிக் கொடுத்துவிடும் என்று ஒரு பகுதி அதில் வருகிறது. சாதாரண போனில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பிடிபடுமா? எந்தத் தசையைக் கவனிக்க வேணும்?

கல்லடிப்பாலம்:
சாதாரண வீடியோ செக்கனுக்கு 30 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 33 மில்லிசெக்கன். நுண்முகபாவம் 1/25 செக்கனிலேயே முடிந்துவிடலாம், நீண்டால் அரைச் செக்கன். ஆகக் குறுகியது ஓரிரண்டு ஃபிரேமில்தான் விழும், அதுவும் கலங்கலாக. 120 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுங்க, அதே அசைவுக்கு நாலைந்து ஃபிரேம் கிடைக்கும். ஆனால் வகுப்பறை இருட்டென்றால் அதிலும் படம் மங்கும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டாக விழ இருத்துங்க. வெயிலைப் பார்த்து இருத்தினால் புருவம் சுருங்கும், கன்னம் ஏறும். கோபமும் உண்மைச் சிரிப்பும் வெயிலே வரைந்துவிடும். நம்ம பக்கத்து வெயிலில் இந்தப் பிழைதான் அதிகம் வரும். பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையைப் படம் எடுக்கவே வேண்டாம்.

தசை என்றால் 1978இல் உளவியலாளர்கள் எக்மனும் ஃபிரீசனும் வெளியிட்ட, ஒவ்வொரு முக அசைவுக்கும் ஓர் எண் கொடுக்கும் குறியீட்டு முறையில் இரண்டு இடத்தைப் பிடியுங்க. முதலாவது சிரிப்பு. உதட்டு மூலையை மேலே இழுப்பது 12, கண்ணைச் சுற்றிய தசை கன்னத்தை உயர்த்துவது 6. கண்ணோரச் சுருக்கத்தை மட்டும் வைத்து உண்மைச் சிரிப்பென்று எழுதாதீங்க, பலமாகச் சிரித்தாலே கன்னம் ஏறிச் சுருக்கம் விழும். புருவத்துக்கும் மேலிமைக்கும் இடையிலுள்ள மடிப்பு சற்றுக் கீழே இறங்குகிறதா என்று பாருங்க. இரண்டாவது, புருவத்தின் உள்முனை மட்டும் மேலே போவது, எண் 1. அதோடு புருவம் நெருங்கினால் (4) துயரத்தின் வடிவம். பலருக்கு இதை வேண்டுமென்றே செய்ய வராது, அதனால்தான் பெறுமதி.

மருதமுனைக் கடல்:
அண்ணன் சொன்ன தசை விபரம் சரி. ஆனால் "காட்டிக் கொடுத்துவிடும்" என்ற வரியைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுங்க. ஆய்வாளர்கள் போர்ட்டரும் டென் பிரிங்கியும் 2008இல் 697 முகபாவங்களை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தார்கள். நுண்முகபாவம் கிடைத்தது 2 வீதத்தில். அதுவும் முகத்தின் மேற்பாதியிலோ கீழ்ப்பாதியிலோதான், முழு முகத்தில் ஒன்றுமில்லை. உணர்ச்சியை மறைக்காதவர் முகத்திலும் வந்தது. பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதரின் திறமை சராசரி 54 வீதம் என்று பொண்டும் டிபாலோவும் 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

முகத்தில் பயம் தெரிந்தாலும் எதற்குப் பயம் என்று முகம் சொல்லாது. குற்றம் செய்த பிள்ளைக்கும், தன்னை நம்பமாட்டார்களோ என்று நினைக்கும் பிள்ளைக்கும் ஒரே பயம். ஒதெல்லோ பிழை என்பது இதுதான். உள்ளே அடிபட்டுப்போன பிள்ளையைப் பொய்காரப் பிள்ளையாக்கிவிடும்.

இன்னொன்று: வட்டக்களரியில் (வட்டமான கூத்து மேடையில்) ஆடும் கூத்தர் காட்டுவது எட்டத்தில் இருப்பவருக்கும் தெரியவேண்டிய பாவம். அப்படி நடித்துக் காட்டிய படங்களில் பயின்ற கண், வகுப்பறையில் வரும் அரைகுறை அசைவைத் தவறவிடும்.

வாவிக்கரை:
நன்றி. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் முகம் மூடும் தாய்மாரோடு கதைக்கும்போது?

மருதமுனைக் கடல்:
1, 4, 6 கண்ணைச் சுற்றி இருப்பதால் ஓரளவு தெரியும். வாய் தெரியாது, ஆகவே சிரிப்பைப் பற்றி ஒன்றும் எழுதாதீங்க. குரல், பதிலுக்கு முன் வரும் இடைவெளி, கை, இவற்றைக் கவனியுங்க. முதலில் சாப்பாடு, பயணம் என்று ஐந்து நிமிடம் பொதுவாகக் கதைத்து அவரின் வழமையான முகத்தையும் குரலையும் அறிந்துகொள்ளுங்க. பிறகு மாற்றம் தெரிந்தால் அந்த இடத்தையும் கேட்ட கேள்வியையும் குறித்து வையுங்க. "பொய் சொல்கிறார்" என்று எழுதாமல், "வீட்டைப் பற்றிக் கேட்டபோது புருவ உள்முனை உயர்ந்தது" என்று எழுதுங்க. கொஞ்சம் கழித்து, "வீட்டில இப்ப எப்பிடி?" என்று அதே இடத்துக்குத் திரும்பி வாங்க.